மெக்கின்டாஷ் ஹேண்டிலும் அந்த 8 பிட்டும்

1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷில் ரேம் வெறும் 128 கிலோபைட். திரைக்கு மட்டுமே (512×342 புள்ளி, கறுப்பு வெள்ளை) அதில் சுமார் 22 கிலோபைட் போயிடும். மிச்ச இடத்தில்தான் சிஸ்டம், புரோகிராம், நாம டைப் பண்ற கடிதம் எல்லாமே குடித்தனம் நடத்தணும்.

இதில் பெரிய தலைவலி, இடம் துண்டு துண்டா காலியாவது. மொத்தமா பார்த்தா 10 கிலோபைட் காலி இருக்கும். சேர்ந்தாப்ல 3 கிலோபைட் கிடைக்காது. அதனால் சிஸ்டம் அவ்வப்போது பிளாக்குகளை நகர்த்தி நெருக்கி வைக்கும். நகர்த்தினால் பழைய முகவரி செல்லாதே? அதற்காகத்தான் ஹேண்டில். புரோகிராம் கையில் வைத்திருப்பது டேட்டாவின் முகவரி அல்ல, அந்த முகவரி எழுதி வைத்திருக்கும் இடத்தின் முகவரி. டேட்டா எங்கே போனாலும் சிஸ்டம் அந்த ஒரு இடத்தில் மட்டும் திருத்தினால் போதும். அழகான யோசனை, இன்னிக்கும் ரசிப்பேன்.

ஆனா அதைத் திறந்து போட்டார்களே, அதைத்தான் ரசிக்க முடியலை. 68000 சிப்பின் ரெஜிஸ்டர் 32 பிட், வெளியே முகவரிக்குப் போவது 24 பிட்தான். மேலே சும்மா கிடந்த 8 பிட்டில் ‘நகர்த்தாதே’, ‘தேவைன்னா தூக்கிப் போடு’ மாதிரி குறிப்புகளை எழுதிட்டாங்க. பஞ்சத்தில் செய்த சிக்கனம், சரி. அதை மாற்ற முறையான ரொட்டீன்கள் இருந்தும், பல புரோகிராமர்கள் நேரா உள்ளே கை விட்டு பிட்டை மாற்றினார்கள். கதவே இல்லாத வீட்டில் வேற என்ன நடக்கும்!

1985-ல் வந்த விண்டோஸ் 1.0-விலும் இதே ஹேண்டில் யோசனைதான். ஆனா அங்கே ஹேண்டில் வெறும் எண். குளோபல்லாக் என்று கேட்டால்தான் முகவரி தருவான், வேலை முடிந்ததும் குளோபல்அன்லாக் சொல்லணும். எழுதுறவனுக்கு எரிச்சல்தான். ஆனா 1990-ல் விண்டோஸ் 3.0 புரொடெக்டட் மோடுக்குப் போனபோது, உள்ளே பிளாக்கை நகர்த்தும் விதத்தையே மாற்ற முடிந்தது. ஹேண்டில் என்ற பேச்சு மாறலை. அழகில் மெக் எங்கேயோ இருந்தது, ஆனா இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு விண்டோஸுக்குத்தான்.

மெக் பக்கம் கதை வேற. 1987-ல் மெக்கின்டாஷ் II-வில் 68020 வந்து முழு 32 பிட் முகவரியும் கிடைத்தது. ஆனா அந்த மேல் 8 பிட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கே! அதன் ராமிலேயே (ரேம் இல்லை, ரீட் ஒன்லி) பழைய பழக்கம் பொதிந்திருந்தது. 24 பிட் முறையில் ரேமுக்கு 8 மெகாபைட்தான் எல்லை. 1991-ல் சிஸ்டம் 7 வந்த பிறகும் மெக் II, IIx, IIcx, எஸ்இ/30 நாலும் அந்த எல்லையிலேயே மாட்டிக்கொண்டன. கடைசியில் கனெக்டிக்ஸ் என்ற வேறொரு கம்பெனி எழுதிய மோட்32-வை ஆப்பிளே உரிமம் வாங்கி, அந்த மெஷின்காரர்களுக்கு இலவசமா கொடுக்க வேண்டியதாச்சு.