போர்டு மாற்றும் படலம்

தர்மபுரியில் இறங்கி அரூர் பக்கமோ பென்னாகரம் பக்கமோ பஸ் பிடித்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து சுவர்களைக் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள். சினிமாவுக்கும் கட்சிக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே ஜெபக்கூட்ட போஸ்டர்களும் கண்ணில் படும். ஒரு காலத்தில் 'நற்செய்திக் கூட்டம்', 'எழுப்புதல் கூட்டம்' என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். இப்போது 'சமாதானப் பெருவிழா', 'ஆசீர்வாதத் திருவிழா' என்ற ரீதியில் போகிறது. சிலவற்றில் சிலுவை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. சபைக்கு வெளியே இருப்பவர் மிரளாமல் உள்ளே வரவேண்டும். அதற்குப் பெயரை மாற்று, லோகோவை மாற்று, பாஷையை மாற்று. சோப்புக் கம்பெனிக்காரர்கள் 'ரீபிராண்டிங்' என்பார்களே, அதேதான்.

கிண்டல் செய்யவில்லை. பெயர் மாற்றம் சில சமயம் ரொம்ப நியாயமான காரியம். தொழுநோயாளிகளுக்காக 1874ல் தொடங்கிய ஒரு ஊழியத்தின் பழைய பெயர் 'மிஷன் டு லெப்பர்ஸ்'. ஆளையே வியாதியின் பெயரால் கூப்பிடும் பெயர். 1965ல் அதை 'தி லெப்ரசி மிஷன்' என்று மாற்றினார்கள். இதை யார் குறை சொல்ல முடியும்? 2011ல் அமெரிக்காவின் 'கேம்பஸ் க்ருசேட் ஃபார் கிறைஸ்ட்' தன் பெயரை வெறும் 'க்ரூ' என்று சுருக்கப்போவதாக அறிவித்தது. 'க்ருசேட்' என்றால் சிலுவைப்போர். கல்லூரி மாணவனிடம் நட்பு பேசப் போகிறவன் கையில் வாளோடு போன மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதுவும் சரிதான். ஆனால் 'கிறிஸ்துவையே கழற்றிவிட்டீர்களே' என்று சொந்த ஆட்களே கொதித்தார்கள். வெளியே இருப்பவரைக் கூப்பிடும்போது உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது? என் கேள்வியும் அதுதான், வேறு காரணத்துக்காக.

நம் ஊரில் இந்தக் கதைக்கு நானூறு வயசு. 1606ல் மதுரைக்கு வந்தார் இத்தாலிக்காரரான ராபர்ட் தெ நொபிலி. அவருக்கு முன்பே கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற பாதிரியார் அங்கே பதினோரு வருஷமாக இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரவர்களுக்கும் போர்த்துக்கீசியர்களுக்கும் பூசை வைத்தாரே ஒழிய, மதுரைக்காரர் ஒருவரையும் அவரால் சேர்க்க முடியவில்லை. நொபிலி காரணத்தைச் சட்டென்று பிடித்துவிட்டார். 'பறங்கி'. கிறிஸ்தவம் என்றால் பறங்கி மார்க்கம். பறங்கி என்றால் மாடு தின்று, குடித்து, எல்லாரோடும் கலந்து பழகுகிறவன். ஆக, பிரச்னை சரக்கில் இல்லை, போர்டில்.

போர்டை அடியோடு மாற்றினார். காவி, குடுமி, சந்தனம், பூணூல். ஒருவேளை சைவச் சாப்பாடு, பிராமணச் சமையற்காரர். 'நான் பறங்கி இல்லை, ரோமாபுரி ராஜகுலம்' என்று அறிவிப்பு. சமஸ்கிருதம் படித்தார். தமிழில் உரைநடை எழுதினார். அதுவும் மணிப்பிரவாளம் கலந்த கனத்த உரைநடை. தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். இதை வெறும் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அரை நூற்றாண்டு அப்படியே வாழ்ந்து, கண் பார்வை மங்கி, 1656ல் மயிலாப்பூரில் செத்துப்போனவர். வேஷதாரிகள் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

சக பாதிரிகள் விடுவார்களா? புகார் ரோமுக்குப் போயிற்று. 1619ல் கோவாவில் விசாரணைக் கூட்டம். 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு சொன்னார்: பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் இருக்கலாம், மூடநம்பிக்கை கலக்காதவரை. இந்தப் பாதியை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே ஆணையில் இன்னொரு பாதி உண்டு. உயர்ந்த குலம் என்று பெருமைப்படுகிறவர்கள் தாழ்ந்தவர்களை வெறுக்கக் கூடாது, வேதம் கேட்கும்போதும் திருவருட்சாதனங்கள் பெறும்போதும் விலகி நிற்கக் கூடாது என்று போப் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். முதல் பாதி உடனே அமலாயிற்று. இரண்டாம் பாதிக்கு ஆள் இல்லை.

இருக்கவும் முடியாது. ஏனென்றால் புது போர்டு வேலை செய்ததே அந்தத் தூரத்தால்தான். ஃபெர்னாண்டஸின் பழைய கோவிலுக்குள் தன் புதுச் சீடர்கள் போகாமல் இருக்கத் தனிக் கோவில் கட்டினார் நொபிலி. அதாவது, ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கி உள்ளே இருந்த பரவர்கள் திடீரென்று வெளியாட்கள் ஆனார்கள். பிறகு 1640 வாக்கில், மற்ற சாதிகளிடம் போக 'பண்டாரசாமிகள்' என்று தனியாக ஒரு வகைப் பாதிரிகள் ஏற்பட்டார்கள். பிராமண சந்நியாசிக் கோலத்தில் இருந்த பாதிரி, பண்டாரசாமிப் பாதிரியோடு ஊர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட முடியாது. இரண்டு பேரும் ஒரே ஏசு சபை! புதுச்சேரிக்கு வந்திருந்த போப்பின் தூதர் தூர்னோன் 1704ல், 'சேரியில் சாகக்கிடக்கிறவன் வீட்டுக்குள் போய் நன்மை கொடுங்கள்' என்று கட்டளை போட வேண்டியிருந்தது. கட்டளை போட்டால்தான் போவார்கள் என்ற நிலைமையை யோசித்துப் பாருங்கள். போட்ட பிறகும் நாற்பது வருஷம் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1744ல் சேரிக்கென்றே தனிப் பாதிரிகள் என்று சமரசம் ஆயிற்று.

இதற்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம்? ரோமில் தீர்ப்பு வந்த அதே 1623ல் நொபிலி மதுரையை விட்டுக் கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். தொப்பூர்க் கணவாய் ஏறினால் தர்மபுரி. பிற்பாடு மைசூர் மிஷனின் ஏசு சபைக்காரர்கள் தர்மபுரிச் சீமையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் நொபிலி வழிதான், சந்நியாசிக் கோலம்தான். கோவிலூர் மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்கள் இங்கே உண்டு. தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997ல். வேர் அதைவிட ரொம்ப ஆழம்.

போர்டு மாற்றியவர்கள் எல்லாருமே இப்படித்தானா? இல்லை. தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருப்பத்தூரில் 1921ல் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' தொடங்கினார்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழர், ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், ஃபாரஸ்டர் பேட்டன். கதர் கட்டினார்கள், சைவம் சாப்பிட்டார்கள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கோபுரம் வைத்த திராவிட பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊர் கூப்பிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நொபிலி செய்ததேதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். 1932ல் சென்னையில் சட்டமறுப்புக் கலாட்டா நடந்த சமயம், கதர் கட்டிக்கொண்டு தெருவில் நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்துவிட்டது. வெள்ளைக்காரரை வெள்ளைக்கார சர்க்கார் போலீஸே அடித்ததால் விஷயம் லண்டன் பார்லிமென்ட் வரை போயிற்று. அவர் புது உடைக்கு உண்டான விலையை அவர் முதுகே கொடுத்தது. நொபிலியின் புது உடைக்கு விலை கொடுத்தவர்கள் அதை உடுத்தாதவர்கள். (ஆசிரமத்தில் பெருங்கூட்டம் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. மார்க்கெட்டிங்காரர்கள் பார்த்தால் 'ஃபெயிலியர்' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.)

பாஷை மாற்றமும் ஒரு பெரிய கதை. நொபிலி காலத்தில் கடவுளுக்குச் 'சருவேசுரன்' என்று பேர். ஃபப்ரிஷியஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. 1871 மொழிபெயர்ப்பில் 'தேவன்'. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995ல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. ஞானஸ்நானம் 'திருமுழுக்கு' ஆயிற்று, பரிசுத்த ஆவி 'தூய ஆவி' ஆனார். வெளியே இருப்பவர் எடுத்துப் படித்தால் சட்டென்று புரியும் தமிழ். கத்தோலிக்கர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலானவை இன்னமும் பழைய பைபிளைத்தான் கையில் வைத்திருக்கின்றன. எனக்குப் புதுத் தமிழ்தான் பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஒரு பாட்டி, காதால் கேட்டுக் கேட்டே ஒரு சங்கீதம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தால், அவளிடம் போய் 'உன் வார்த்தைகள் வெளியாளுக்குப் புரியவில்லை, மாற்றிக்கொள்' என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

வெளியாள், வெளியாள் என்கிறோமே, இந்த மாவட்டத்தில் அந்த வார்த்தைக்கு வேறு ஒரு அர்த்தம் உண்டு. இங்கே ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. காலனி ஊருக்கு வெளியே. 2012 நவம்பர் 7ம் தேதி, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. காரணம், சாதி தாண்டிய ஒரு கல்யாணம். அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு 'சபைக்கு வெளியே இருப்பவர்களைச் சென்றடைவோம்' என்று யாராவது புது லோகோ வரைந்தால், நான் லோகோவைப் பார்க்க மாட்டேன். ஊர்க்காரர் மனசு கோணாமல் வரவேண்டும் என்று சபை தன்னை அழகுபடுத்திக்கொள்ளும்போது, காலனிக்காரர் எந்த வரிசைக்கு நகர்த்தப்படுகிறார் என்று பார்ப்பேன்.

இது கற்பனைப் பயம் இல்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே மாதா கோவில். இரு தரப்பும் கத்தோலிக்கர்கள், ஒரு பக்கம் வன்னியர், ஒரு பக்கம் தலித்துகள். எங்களைச் சமமாக நடத்து, இல்லாவிட்டால் தனிப் பங்கு கொடு என்று தலித்துகள் கேட்டார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். பங்காளிகள் சண்டை மாதிரி அன்றைய பேப்பர்களில் வந்து போயிற்று.

தர்மபுரிப் பக்கம் அடுத்த பெருவிழா போஸ்டரைப் பார்த்தால் நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். பந்தல் எந்தத் தெருவில் போட்டிருக்கிறார்கள், பிரியாணி யார் வீட்டுத் தண்ணீரில் வேகிறது, கூட்டம் முடிந்த பிறகு ஊர்க்கார விசுவாசி காலனி விசுவாசியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிக்கிறாரா, இதை மட்டும் கவனித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.