பொம்மை யுத்தமும் புளியங்கொட்டையும்

ஹெச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்றொரு சிறு புஸ்தகம் எழுதினார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திச் சண்டையிடுவதற்கான விதிகள். காலாள் ஓரடி நகரலாம். குதிரை வீரன் இரண்டடி. பொம்மைப் பீரங்கி மரக்குண்டை நிஜமாகவே சுடும். 1908-லேயே ஆகாய யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதியவர், விளையாட்டில் மட்டும் விமானத்தைச் சேர்க்கவில்லை. அது புஸ்தகத்தின் குறை என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் வைகை அணைப் பூங்காவில், என் தங்கை மகன் அந்தக் குறையை நிரப்பிக்கொண்டிருந்தான். அட்டை விமானம் நாலடி பறக்கும். மூன்றாவது ஆட்டத்துக்குள் திரும்பாவிட்டால் பெட்ரோல் தீர்ந்து விழும். குண்டு, இடுப்பு உயரத்திலிருந்து போடும் புளியங்கொட்டை. நல்ல விதிகள்தான்.

"அணை மேலே பட்டா ஜெயம், மாமா!"

"அணைக்குக் கீழே இருக்கிற ஜனங்களுக்கு என்னடா விதி?"

"அவங்க ஆட்டத்திலேயே இல்லையே!"

1943 மே மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மோனே அணையை உடைத்தன. வெள்ளத்தில் மாண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பலர், அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அந்நிய நாட்டார். அவர்களும் ஆட்டத்தில் இல்லாதவர்களே.

வெல்ஸின் பீரங்கிக்காரன் தரையோடு குனிந்து குறி பார்க்கவேண்டும். விழப்போகிறவன் எதிரே நிற்பான். விமானம் வந்ததும் அந்தப் பார்வை போய்விடுகிறது. குறை என்று நான் நினைத்தது, அந்தப் புஸ்தகத்தின் நிறை.

பையன் சற்று யோசித்தான். பிறகு அணைக்குக் கீழே ஒரு பிடி கொட்டையைப் பரப்பி, "இது மதுரை. அணையை உடைச்சவன் தோத்தான்" என்றான்.

ஆட்டம் மந்தமாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.