ஹோஷங்காபாத் பாடம்: ஒரு மறுமதிப்பீடு

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் அதைத் தொடங்கின. 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 1982-இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. கல்வியாளர்கள் இன்றும் அதைப் பொற்காலம் என்கிறார்கள். நிறுத்தச் சொன்னவர்களோ பிள்ளைகளைப் பின்தங்க வைத்த வீண் சோதனை என்றார்கள்.

வகுப்பில் நடந்தது என்ன? ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 'பால வைஞானிக்' பாடநூலில் செய்முறை இருக்கும், கேள்வி இருக்கும், விடை இருக்காது. பார்த்ததைப் பிள்ளையே குறிப்பேட்டில் எழுத வேண்டும். குழுக்களின் முடிவுகளைக் கரும்பலகையில் வரிசைப்படுத்தி, ஏன் வேறுபடுகின்றன என்று விவாதிக்க வேண்டியவர் ஆசிரியர். அவருக்குக் கோடைப் பயிற்சியும் மாதக் கூட்டமும் உண்டு. இவற்றைவிடத் துணிச்சலானது தேர்வு: புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்; செய்முறைத் தேர்வும் உண்டு. இத்திட்டத்தில் சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் செய்த அரவிந்த் குப்தாவின் பெயர்தான் இன்று பலருக்கு நினைவிருக்கிறது. என் கணிப்பில் அந்தப் பொம்மைகளைவிட இந்தத் தேர்வுமுறையே பெரிய கண்டுபிடிப்பு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வகுப்பறை மாறத் துணியும்.

இனி எதிர்வாதம். பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவில் ஒரு கடும் அடி விழுந்தது. டேவிட் கிளாரும் மிலேனா நிகமும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேர் பங்கேற்றார்கள். சரிவுப் பலகையில் பந்தை உருட்டி, எது தூரத்தை மாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். சரிவை மாற்றும்போது பந்தையும் மாற்றிவிட்டால் எதனால் தூரம் கூடியது என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதை விளக்கிச் சொல்லித்தந்த குழுவில் 77 சதவீதத்தினர் தேறினார்கள். தாமே சோதித்துப் பார்க்கும்படி விடப்பட்டவர்களில் 23 சதவீதம் மட்டுமே. ஆனாலும் தேறிய பிறகு, எந்த வழியில் தேறினார்கள் என்பதால் அவர்கள் பின்னர் காட்டிய திறனில் வேறுபாடு தெரியவில்லை.

இந்த அடி ஹோஷங்காபாத் மீது முழுமையாக விழாது. அங்கே பிள்ளைகளைத் தனியே விட்டுவிடவில்லை. செய்முறையும் விவாதமும் வழிகாட்டின. ஆனால் பாதி அடி விழத்தான் செய்கிறது. விடையில்லாப் புத்தகம் முழுச் சுமையையும் ஆசிரியர் தலையில் ஏற்றியது. விவாதத்தை நடத்தத் தெரிந்தவர் இருந்தால் அது அருமையான நூல். இல்லையென்றால், அன்று பள்ளிக்கு வராத பிள்ளை வீட்டில் புரட்டினால் கேள்விகள் மட்டுமே மிஞ்சும். சோதிக்க முடிந்ததை மட்டும் கற்பிப்பது என்ற பிடிவாதம் இன்னொரு குறை. அணு, மூலக்கூறு போன்றவை அதனால் ஒதுங்கின. கண்ணால் பார்க்க முடியாததைச் சான்றுகளிலிருந்து ஊகிப்பதும் அறிவியல்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைக் கதையாகவாவது சொல்லியிருக்கலாம்.

நிறுத்தச் சொன்னவர்கள் காட்டிய காரணம் மாவட்டத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இந்த வாதம் நிற்காது. திட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எல்லாப் பாடங்களையும் சேர்த்தது, அதுவும் மனப்பாடத்தை அளக்கும் தேர்வில். நீச்சல் கற்றவனை ஓட்டப்பந்தயத்தில் விட்டு, நீச்சல் வகுப்பு வீண் என்று தீர்ப்பெழுதுவது போன்றது இது. ஆனால் பெற்றோரின் கவலையை ஒதுக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை பழைய முறைக்குத்தான் திரும்பியது. அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் விட்டது அரசின் தவறு. அதைக் காட்டியே திட்டத்தை மூடியதும் அதே அரசு.

ஆகவே கற்பித்தல் முறையாக ஹோஷங்காபாத் வென்றது, பாடநூலாகப் பாதி வென்றது, கல்வி நிர்வாகமாகத் தோற்றது. இன்று இதை மீட்க நினைக்கும் மாநிலம் எதுவானாலும் முதலில் எடுக்க வேண்டியது திறந்த புத்தகத் தேர்வையும் மாதாந்திர ஆசிரியர் கூட்டத்தையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற விதியைப் பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கலாம். அதில் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி குறையாது. பத்தாம் வகுப்பு வினாத்தாளைத் தொடாமல் கீழ்வகுப்புகளுக்குக் கருவிப் பெட்டி அனுப்புவதானால், அந்தச் செலவைச் செய்யாமலேயே இருக்கலாம்.