உரக்கவா, மெல்லவா?

இசையமைப்பாளர் ஷோப்பனின் கையெழுத்துப் படிகளில் ஒரு சின்னக் குறி அடிக்கடி வரும். இடப்பக்கம் விரிந்து வலப்பக்கம் கூம்பும் இரண்டு கோடுகள். குட்டையாக இருந்தால், அந்த ஒரு சுரத்தை மட்டும் அழுத்தி வாசிக்க வேண்டும். நீண்டிருந்தால், அங்கிருந்து ஒலியைப் படிப்படியாகத் தணிக்க வேண்டும். ஷோப்பனோ பல இடங்களில் இரண்டிலும் சேராத நடுத்தர நீளத்தில் அதைப் போட்டு வைத்திருக்கிறார். ஒரு சுரத்தின் மேல் தொடங்கி, அடுத்த சுரத்தை எட்டியும் எட்டாமலும் நின்றுவிடுகிறது.

உலோகத் தகட்டில் இசைக்குறிப்பைச் செதுக்குபவருக்கு இந்த ஊசலாட்டம் கட்டுப்படியாகாது. ஒருவர் அதைக் குட்டையாக்குவார், இன்னொருவர் நீட்டிவிடுவார். போலந்தின் தேசியப் பதிப்பை உருவாக்கிய யான் எகியெர் இதை ‘நீள் அழுத்தம்’ என்று தனிக் குறியாகவே மதித்தார். அவர் வழியில் வாசித்துப் பார்த்தால் நயம் புரியும். விரல் ஒரு சுரத்தில் சற்றே ஊன்றுகிறது. ஊன்றிய எடை சட்டென அறுந்துவிடாமல் அடுத்த சுரங்களுக்குள் கரைந்து போகிறது. பாடகி ஒரு சொல்லில் சாய்ந்து, மூச்சோடு அதை விடுவிப்பதைப் போல. இத்தாலிய ஓபராப் பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று மாணவர்களை வற்புறுத்திய ஷோப்பனின் கை வேறெப்படி எழுதும்?

இப்படி மூலங்கள், அதாவது கையெழுத்துப் படிகளும் அச்சுப் பதிப்புகளும், ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். அன்றைய பதிப்புரிமை நாட்டு எல்லையோடு நின்றுவிடும். அதனால் ஒரே படைப்பு பாரிசிலும் லைப்சிக்கிலும் லண்டனிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அச்சானது. ஷோப்பன் மெய்ப்புப் பார்த்தது பெரும்பாலும் பாரிஸ் பதிப்பைத்தான். அப்போது மனம் மாறிச் செய்த திருத்தம் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேராது. படியெடுத்து உதவிய நண்பர் யூலியான் ஃபொன்டானா 1841-இல் பாரிசை விட்டுப் போனபின், பதிப்பாளர்களுக்கான படிகளை ஷோப்பனே திரும்பத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போதெல்லாம் ஏதேனும் ஒன்று மாறியது. அந்த மாற்றங்களை எல்லாம் பிழைக் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒரே இடத்தை இரண்டு விதமாகக் கேட்ட காது அங்கே இருக்கிறது.

சில வேளைகளில் முரண் ஒரே பக்கத்துக்குள்ளேயே குடியிருக்கும். ஓபஸ் 28 முன்னிசைகளில் பதினேழாவது, ஏ ஃப்ளாட் மேஜரில் அமைந்தது. முடிவை நெருங்கும்போது மெட்டு மிக மெல்லிய பியானிஸ்ஸிமோவில் திரும்பி வருகிறது. கீழே மந்தரத்தில் ஒரே ஏ ஃப்ளாட் மட்டும் அழுத்தக் குறியோடு மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. மேலே அடங்கு என்கிறது தாள். கீழே அடி என்கிறது. எதற்குக் கீழ்ப்படிவது? ஷோப்பனின் மாணவி கமீய் துபுவா பின்னாளில் பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கியிடம் சொன்ன விளக்கம் இந்தச் சிக்கலை அழகாக அவிழ்க்கிறது. அந்த மந்தர சுரம் ஒரு பழங்கோட்டையின் கடிகாரம், பதினொன்று அடிக்கிறது. மேலே மெட்டு தணிந்துகொண்டே போனாலும் ஷோப்பன் ஒவ்வோர் அடியையும் ஒரே பலத்தோடுதான் அடிப்பாராம். எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் இருக்கிறது. மெட்டு நம் மனத்தோடு சேர்ந்து மங்கலாம். கடிகாரம் யாருக்காகவும் மங்காது. இரண்டு குறிகளும் சண்டையிடவில்லை. இரண்டு வெவ்வேறு தூரங்களைக் காட்டுகின்றன.

இன்னும் துணிச்சலான முரண் ‘பார்கரோல்’ ஓபஸ் 60-இல். வெனிஸ் படகோட்டிகளின் பாட்டை நினைவூட்டும் இந்தப் படைப்பு 1846-இல் வெளியானது. இடக்கை அலையாய் ஆட, வலக்கையில் இரண்டு குரல்கள் இணைந்து பாடும். பிற்பகுதியில் அந்தப் பாட்டு முழு வீச்சோடு எழ வேண்டும். அச்சில் உரத்து வாசிக்கச் சொல்லும் குறி ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. 1848 பிப்ரவரி 16 அன்று, தமது கடைசிப் பாரிஸ் கச்சேரியில், ஷோப்பன் அதே இடத்தைத் தலைகீழாக வாசித்தார், முழுவதும் பியானிஸ்ஸிமோவில். அரங்கிலிருந்த பியானோ கலைஞர் சார்ல்ஸ் ஹாலே இதைப் பதிவுசெய்திருக்கிறார். உள்ளே அத்தனை நுட்பமான ஏற்ற இறக்கங்கள் இருந்ததால், வழக்கமான வாசிப்பைவிட இதுதான் மேலோ என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது. உடல் நலிந்திருந்த ஷோப்பனிடம் அப்போது பலம் இல்லை என்பது உண்மை. ஆனால் பலமின்மை ஒலியைக் குறைக்கலாம், நுட்பத்தைத் தராது. உச்சம் என்பது சத்தத்தின் அளவு அல்ல, முன்பின் உள்ளவற்றோடு அதற்குள்ள உறவு என்று அறிந்தவரால்தான் அப்படி மாற்ற முடியும்.

அதற்காக இனி எல்லோரும் ‘பார்கரோலை’ மெல்லவே முடிக்கலாம் என்று சொல்ல மாட்டேன். சுற்றியுள்ள ஒவ்வொன்றையும் அதற்கேற்ப அளந்தவருக்கே அந்த உரிமை. எனக்குச் சகிக்காதது வேறு: ஒரு மூலத்திலிருந்து உரத்த ஃபோர்ட்டேயையும் இன்னொன்றிலிருந்து தணிவையும் எடுத்து ஒட்டி, ஷோப்பன் ஒருநாளும் வாசித்திராத ஒரு சமரசத்தைச் செய்வது. பாரிஸ் பதிப்பு சொல்வதற்கு ஒரு நியாயம் உண்டு. லைப்சிக் பதிப்புக்கும் உண்டு. ஒன்றைத் தேர்ந்து, அதன் நியாயம் கேட்பவர் காதில் விழும்படி கடைசிவரை வாசிக்கிறவரே நல்ல கலைஞர்.