கணையாழியும் கிளைசினும்

1982இல் ஜான் வாக்கரும் அவருடைய சகாக்களும் ஏடிபி சிந்தேஸ், தசையில் உள்ள மையோசின், சில கைனேஸ்கள் ஆகிய புரதங்களின் அமினோ அமில வரிசைகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிளைசின், எதுவாகவும் இருக்கக்கூடிய நான்கு அமிலங்கள், மறுபடி கிளைசின், லைசின், பிறகு செரின் அல்லது திரியோனின் என்ற சிறு வரிசை, சில மாற்றங்களோடு, அவற்றில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஏடிபியின் பாஸ்பேட்டைப் பற்றும் இடம் அது. இன்று முன்பின் தெரியாத மரபணு ஒன்றில் அந்த வரிசையைக் கண்டால், அதன் புரதம் என்ன செய்யக்கூடும் என்று சோதனைக்கு முன்பே ஊகிக்கலாம். மீள்வரும் கூறுகளைத் தேடும் முறையின் பெருமை இதுதான்.

நாட்டார் கதைகளில் இதே வேலையை முன்பே தொடங்கியவர் ஸ்டித் தாம்சன். 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய கதைக்கூறு அடைவு, ஒரு கதைக்கு வேறெங்கே உறவு உண்டு என்று தேட வழி திறந்தது. ஆனால் மூலக்கூறு உயிரியல் தன் முறையைச் சந்தேகித்த அளவுக்கு, கூறு தேடும் இலக்கிய ஆய்வுகள் பலவும் சந்தேகிப்பதில்லை.

ஆஸ்பராஜின், புரோலின் தவிர ஏதேனும் ஒன்று, அடுத்துச் செரின் அல்லது திரியோனின்: புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி சேரும் இடம் இது. இருபது அமிலங்களும் சம அளவில் கலந்திருந்தால், ஏறத்தாழ 200 இடங்களுக்கு ஒருமுறை இவ்வரிசை தற்செயலாகவே வந்துவிடும். ஆகவே புரோசைட் தரவுத்தளம் இத்தகையவற்றைத் தனியே குறித்து எச்சரிக்கிறது. இரு காப்பியங்களிலும் காடும் பிரிவும் வருகின்றன என்று எழுதுகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொரு கேள்வி, ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பது. கைமோட்ரிப்சினிலும் பாக்டீரியாவின் சப்டிலிசினிலும் ஹிஸ்டிடின், ஆஸ்பார்டிக் அமிலம், செரின் மூன்றும் ஒரே அமைப்பில் கூடிப் புரதத்தை வெட்டுகின்றன. சங்கிலியில் அவை வரும் வரிசையோ வேறு, மடிப்பும் வேறு. பொது மூதாதை இல்லாமல், ஒரே தேவை இரண்டையும் அங்கே கொண்டுசேர்த்தது. சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைக் கொண்டு அவை வாய்மொழிப் பாடல்களே என்று கைலாசபதி 1968இல் வாதிட்டார். துணிச்சலான நூல், இன்றும் படிக்க வேண்டியது. எனினும் எழுத்தறிந்த புலவர் பாணர் மரபைப் பின்பற்றினாலும் அதே தொடர்கள் விளையுமே என்ற மறுப்பு வலுவானது. மீள்வருகை மட்டும் அந்த வழக்கைத் தீர்க்காது.

எனக்கு மிகவும் உறுத்துவது இடம் பற்றிய அலட்சியம். அனுமன் தந்த கணையாழி சீதைக்கு நம்பிக்கை அளிக்கிறது. மீன் வயிற்றிலிருந்து வந்த மோதிரம் துஷ்யந்தனுக்கு நினைவை மீட்கிறது. கண்ணகியின் சிலம்போ உடைந்து உண்மையை மெய்ப்பிக்கும்போது காப்பாற்ற யாருமில்லை. அணியால் அறிதல் என்ற ஒரே தலைப்பு மூன்றையும் தாங்காது. மூலக்கூறுகளுக்கு இல்லாத ஒன்றும் இங்கே உண்டு: கேட்பவரின் நினைவு. செல்வமிழந்து திரும்பிய கணவனிடம் அன்போடு நீட்டிய பொருள், மதுரையில் விற்பனைச் சரக்காகி, பொற்கொல்லனின் சொல்லால் திருட்டுக்குச் சான்றாகி, அரசவையில் அரசனையே குற்றவாளியாக்குகிறது. ஒவ்வொரு முறையும் முந்தைய சிலம்பு நம் மனத்தில் இருப்பதால்தான் பரல் தெறிக்கும் கணம் அவ்வளவு கனக்கிறது. அடைவு அதை ஒரே எண்ணாகத்தான் பதியும்.