ஈரம் காய்வதற்குள்

மயிலாப்பூரில் ஓவிய நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறைக்குப் போகும்போதெல்லாம், நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பலகையருகே கிடக்கும் காகிதத் துண்டுகளைத்தான். வாட்டர்கலர் ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும், காய்ந்ததும் வெளுத்துவிடும். எவ்வளவு வெளுக்கும் என்று அவர் பிரஷ்ஷை இழுத்துப் பார்த்த துண்டுகள் அவை. முடிந்த படம் காட்டாத தயக்கமெல்லாம் அவற்றில் இருக்கும்.

ஓவியரின் ஸ்டுடியோவுக்குப் போக வாய்த்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையிலேயே போங்கள். நீர்த்த நிறத்தைப் பரப்பி வானத்துக்கு வாஷ் கொடுக்கும் நேரத்தில் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். நனைந்த காகிதத்தின் மினுமினுப்பு அடங்குவதற்குள் மேகம் வந்தாக வேண்டும். சென்னையில் அது பெரும்பாடு. மே மாதத்தில் பிரஷ்ஷைத் தோய்த்துத் திரும்புவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசி மழையில் அரை மணி ஆனாலும் காயாது. பொறுக்காமல் தொட்டால் நிறங்கள் கலங்கிச் சேறாகும். நண்பர் மின்விசிறியை எப்போது போடுகிறார், எப்போது நிறுத்துகிறார் என்பதைக்கூட நான் கவனிப்பேன்.

பிறகு படத்தில் வெள்ளையைத் தேடுங்கள். நண்பர் கபாலீசுவரர் கோயில் குளத்தை வரைந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் வெயில் மின்னும் இடத்துக்கு வெள்ளைச் சாயத்தை அவர் தொடவே இல்லை. அதிக ஈரமில்லாத பிரஷ் சொரசொரப்பான காகிதத்தின் மேடுகளை மட்டும் உரசிக்கொண்டு ஓடியது. நிறம் இறங்காத பள்ளங்களில் காகிதமே மின்னியது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படத்தைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள், தெரியும். அவர் விட்டுவைத்த இடங்களைப் பார்க்கப் பழகிய பிறகுதான் வாட்டர்கலர் எனக்குப் பிடிபட்டது.

சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, பின்னர் அதற்கே முதல்வரான ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தொடக்கத்தில் கேரளத்து நிலக்காட்சிகளை வாட்டர்கலரில் வரைந்தவர்தான். 1966இல் அவர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வந்துவிடும். ஓவியர்கள் குடியிருந்தே வேலை செய்யும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க அங்கே ஒருநாள் போய்வாருங்கள்.

படத்தின் விலையைக் கேட்பதற்கு முன், இது எத்தனையாவது தாள் என்று கேளுங்கள். அந்தக் குளப் படத்துக்கு நண்பர் நான்கு நல்ல தாள்களை இழந்தார். அவற்றைக் கிழித்து வைத்திருக்கிறார். இப்போது நிறம் இழுத்துப் பார்ப்பது அவற்றின் முதுகில்தான்.