அச்சுக்குச் செல்லும் பிரதி: வடிவமும் உழைப்பும்

இலக்கியத்தின் உருவம், உள்ளடக்கம் பற்றி நம்மிடையே விவாதங்கள் பல நிகழ்ந்துள்ளன. ஆயின், ஓர் ஆக்கம் பதிப்பாளர் கைக்குச் செல்லும்போது பெறும் பௌதிக வடிவத்தைத் திறனாய்வாளர் பொருட்படுத்துவது குறைவு. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக, வரிகளுக்கிடையே இடம் விடுக, ஓரம் ஒதுக்குக, பக்க எண் இடுக என்னும் விதிகள் வெறும் அலுவலக ஒழுங்குகளாகவே கருதப்படுகின்றன. உண்மையில் அவை உழைப்புப் பிரிவினையின் விளைவுகளாகும்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஆசிரியரிடம் பாடங் கேட்டுக் கற்ற சிறுகுழுவினர்க்கு இது குறையாகத் தோன்றவில்லை. அச்சோ நூலை முன்பின் அறியாத வாசகரிடம் கொண்டு சென்றது. எனவே பிரதியைச் செப்பனிடுதல் தவிர்க்கவியலாத பணியாயிற்று. 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர் உரைநடையிற் குறியீடுகளைக் கையாண்டதையும், வீரசோழியம் (1881) முதல் கலித்தொகை (1887) வரை சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்ததையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அச்சுக்கூடத்தில் பிரதியின் முதல் வாசகர் அச்சுக்கோப்பாளரே. பிரதியைக் கண்முன் வைத்து, ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியவர் அவர். தாள்களைப் பலர் பகிர்ந்து கோக்க வேண்டியிருந்தமையால் ஒருபக்க எழுத்தும் பக்க எண்ணும் அவசியமாயின; திருத்தங்களுக்கு வரியிடைவெளி தேவைப்பட்டது. ஆகவே, ஒழுங்கற்ற பிரதியைப் படைப்பாளியின் மேதைமைக்கு அடையாளமாகக் கொள்வது பிறிதொருவரின் கண்களையும் நேரத்தையும் மதியாத மேட்டிமை மனோபாவமேயாம்.

கணினி வந்தபின் அச்சுக்கோப்பாளர் மறைந்தார். அவரது உழைப்பு மறையவில்லை. அதிற் பெரும்பகுதி ஊதியமின்றி எழுத்தாளர்மீது சுமத்தப்பட்டது. இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில், 'கெ' என்பதிலுள்ள கொம்பு, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலே மெய்க்கு முன் பதிவாகும். 1991இல் வெளியான யுனிகோட் குறிமுறையிலோ அது மெய்க்குப் பின்னரே பதிவாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முறையாக மாற்றப்படாத பிரதி வாசிக்கவியலாத குறிக்குவியலாகிவிடுகிறது. ஏட்டிற் கொம்பு தந்த இடர்ப்பாடு புதிய வடிவிலே திரும்பியுள்ளது எனலாம்.

இங்கேதான் வர்க்கப் பிரச்சினை எழுகின்றது. தோட்டத்து லயத்தில் கொப்பியில் எழுதப்பட்ட சிறுகதையை, 'குறித்த எழுத்துருவில் இல்லை' என்று வாசிக்காமலே திருப்பியனுப்பும் பதிப்பகம் இலக்கியத் தரத்தை அளக்கவில்லை. எழுதியவரின் வசதியையே அளக்கிறது. கணினியும் அதனைக் கையாளும் பயிற்சியும் உடையோர்க்கே வாயில் திறக்குமெனின், தொழில்நுட்பத்தால் எழுத்து சனநாயகமயமாகிவிட்டது என்பது அரை உண்மையே.

இதனால் விதிகள் வேண்டா என்பதன்று. எளிய எழுத்துரு, தெளிவான பந்திப் பிரிப்பு, ஒரே சீரான எழுத்துக்கூட்டல், தொடர்ச்சியான பக்க எண் ஆகியவற்றை எழுத்தாளர் பேணல் வேண்டும். பக்கத்தை அலங்கரித்தல் அவர் பணியன்று. வடிவமைப்பாளர் அதனைக் களைந்தே தம் வேலையைத் தொடங்குவார். கணினி வசதியற்றோரின் கையெழுத்தைத் தட்டச்சாக்கும் பொறுப்பைப் பதிப்பகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஏற்றல் வேண்டும். பிரதியின் ஒழுங்கு உழைப்பாளர் ஒருவர் மற்றவர்க்குக் காட்டும் மதிப்பாக அமையலாம். வாயிற்காவலாக அமைதல் கூடாது.